கையேடு எழுத எந்த எடிட்டர்?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தந்திருக்கிற தலைப்பு கொஞ்சம் வறண்ட தலைப்புதான். தொழில்நுட்பக் கையேடு எழுத எக்ஸ்.எம்.எல். எடிட்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் இதைப் பேச வைத்த செயலாளர் அவர்களுடைய துணிச்சலைப் பாராட்ட வேண்டும்.

இரணியலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் முப்பந்தல். அங்கே நிற்கிற காற்றாலைகளை நாம எல்லாரும் பார்த்திருக்கோம். டென்மார்க், ஜெர்மனி தொழில்நுட்பத்தில் வந்த எந்திரங்கள் அதில் நிறைய. அந்தக் கோபுரத்தில் ஏறிப் பராமரிப்பு வேலை செய்கிற ஐ.டி.ஐ. படித்த பையனுக்குக் கையேடு தமிழில் இருந்தால் எவ்வளவு உதவி! ஒரு போல்ட்டை எத்தனை நியூட்டன் மீட்டரில் இறுக்க வேண்டும் என்பது கையேட்டில் ஒரே இடத்தில் வருவதில்லை. பொருத்தும் பகுதியில் வரும், ஆண்டுப் பராமரிப்பில் வரும், கடைசியில் அட்டவணையிலும் வரும். சாதாரண வேர்டு கோப்பில் அதை வெட்டி ஒட்டித்தான் வைப்போம். நாளைக்கு அந்த அளவு மாறினால் மூன்று இடத்தில் மாற்றி நாலாவது இடத்தை விட்டுவிட நிறைய வாய்ப்பு உண்டு. விட்டுப்போன அந்தப் பக்கத்தைத்தான் மேலே நிற்கிறவன் புரட்டுவான்.

எக்ஸ்.எம்.எல். முறையில் அந்த அளவை ஒரே இடத்தில் எழுதி, மற்ற இடங்களிலிருந்து அதைச் சுட்டிக் காட்டினால் போதும். ஒன்றை மாற்றினால் எல்லாம் மாறும். இது தலைப்பு, இது எச்சரிக்கை, இது மூன்றாவது படி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி எழுதுகிறோம். பெரிய எழுத்தா, சிவப்பு நிறமா என்பதைப் பிறகு வேறொரு நிரல் பார்த்துக்கொள்ளும். நம்ம ஊர் நெசவுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாவு ஓடின பிறகுதானே ஊடை!

ஆகவே எடிட்டருக்கு முன்னால் பாவை முடிவு செய்யணும். புத்தகம் போலத் தொடர்ச்சியாக வாசிக்கிற கையேடு என்றால் டாக்புக். 1991-இல் தொடங்கியது. துண்டு துண்டாக எழுதி, வேண்டியபடி கோத்துக்கொள்கிற கையேடு என்றால் டிட்டா. ஐ.பி.எம். உருவாக்கியது, 2005-இல் பொதுத் தரமாயிற்று. விமானம், ராணுவத் தளவாடம் என்றால் எஸ்.1000.டி. இருபது பக்கக் கையேடு, வருஷத்துக்கு ஒரு திருத்தம் என்றால் இது எதுவுமே வேண்டாம். வேர்டே போதும். சின்ன வேலைக்கு இதைச் சுமப்பது கொசு அடிக்க உலக்கை எடுப்பது மாதிரி.

இனி எடிட்டர். எழுதப் போகிறவர் யார் என்பதுதான் என்னுடைய முதல் கேள்வி. நிரல் எழுதிப் பழகினவர் என்றால் வி.எஸ். கோடு போதும், காசில்லை, எக்ஸ்.எம்.எல். நீட்சி ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் தப்பான இடத்தில் தப்பான குறி போட்டால் அடிக்கோடு போட்டுக் காட்டும். ஈமாக்ஸ் தெரிந்தவர்களுக்கு ஜேம்ஸ் கிளார்க் எழுதிய என்.எக்ஸ்.எம்.எல். முறை உண்டு. ஆனால் முப்பது வருஷம் எந்திரத்தோடு பழகின மேஸ்திரியிடம் கோணக் குறிகளைக் காட்டினால் அவர் எழுந்து போய்விடுவார். விஷயம் அவரிடம்தான் இருக்கிறது. அவருக்குக் குறிகளை மறைத்துக் காகிதம் மாதிரி காட்டுகிற எடிட்டர் வேண்டும். ருமேனியாவின் கிரயோவா நகரத்தில் தயாராகிற ஆக்ஸிஜன், பிறகு எக்ஸ்மெட்டல், எக்ஸ்.எம்.எல்.மைண்ட் எல்லாம் அந்த வகை. விலை உண்டு. மேஸ்திரி எழுதுவார் என்றால் அந்த விலை தகும் என்பது என் எண்ணம்.

விளம்பரத் தாள் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது: தமிழ். ‘கொ’ என்ற எழுத்தில் வருகிற ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே எண்ணாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு எண்ணாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. தேடிப் பார்த்தால் சில எடிட்டர்கள் ஒன்றைக் கண்டுபிடித்து மற்றதை விட்டுவிடும். ஐம்பது கோப்பில் ‘கொக்கி’ என்ற சொல்லை மாற்றும்போது பாதி மாறாமல் நிற்கும். அகரவரிசையும் அப்படித்தான். யூனிகோடு எண் வரிசையில் ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்து, ‘ப’வுக்கு முன்னால் வந்துவிடுகிறது, ‘ற’ என்பது ‘ர’வை ஒட்டி நிற்கிறது. எண்படி அடுக்கினால் கையேட்டின் சொல்லடைவைப் பார்த்துத் தமிழாசிரியர் சிரிப்பார். பி.டி.எஃப். ஆக்கும்போது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழுவதும் உண்டு. ஸீடெக், லுவாடெக் இரண்டிலும் தமிழைச் சரியாக அச்சிட வழி இருக்கிறது. அது நமக்குத் தூரத்து விஷயமும் இல்லை. டெக் பயனாளர்களின் உலக மாநாடு 2002-லும் 2011-லும் ரயிலில் போய்வரும் தூரத்தில், திருவனந்தபுரத்திலேயே நடந்தது. ஆய்விதழ்களை எக்ஸ்.எம்.எல். ஆக்கும் தொழிலும் அங்கே உண்டு. வேலை தேடுகிற பிள்ளைகள் குறித்துக்கொள்ளலாம்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், தொண்ணூறுகளில் பேஜ்மேக்கரில், ஏதோ ஒரு எழுத்துருவில் அடித்த மலர்களை நினைத்துப் பாருங்கள். அச்சுப் பிரதி அலமாரியில் இருக்கும். கோப்பு கிடைத்தாலும் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்ததே 2001-இல். 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் அவர்கள் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம் வேறு வழியில் போயிற்று. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று வெளிப்படையாக எழுதிவைத்த குறியேற்றத்தில் இலக்கியங்களை ஏற்றினார்கள். அதனால் யூனிகோடு பரவினபோது மாற்றிக்கொள்ள முடிந்தது. எக்ஸ்.எம்.எல். தரமாக வெளியானதும் அதே 1998 பிப்ரவரியில்தான்.

அதனால் எந்த எடிட்டரை வாங்கும் முன்னாலும், சோதனைப் பிரதியை இறக்கி இரண்டு பக்கம் தமிழில் அடியுங்கள். கொம்பு, கால், ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ எல்லாம் வரட்டும். ஒரு அட்டவணை, ஒரு எச்சரிக்கை, ஒரு படம் போடுங்கள். சேமித்துவிட்டு அதே கோப்பை நோட்பேடில் திறந்து வாசித்துப் பாருங்கள். பிறகு வேறொரு எடிட்டரில் திறந்து ஒரு வரி திருத்தி, மறுபடி முதலாவதில் திறங்கள். எழுத்தோ குறியோ எங்கேயாவது மாறியிருந்தால், விற்கிறவர் எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வாங்க வேண்டாம். மேஸ்திரியையும் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்தால் இன்னும் நல்லது.