தியேட்டர் சிஸ்டருக்கும் ஒரு தகுதி வேண்டும்



திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செங்கம், போளூர், ஜவ்வாது மலை என்று பல பக்கமிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். ஆபரேஷன் என்றதும் உறவினர்கள் கேட்பது, “எந்த டாக்டர் செய்யறாரு?” என்பதுதான். பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுக்கும் சிஸ்டர் யார் என்று எந்த ஆஸ்பத்திரியிலும் நாம் கேட்பதில்லை.

அவர் கையில் இருக்கும் பொறுப்பு பெரிது. கத்தரி, ஊசி, ரத்தம் ஒற்றும் துணி எல்லாவற்றையும் ஆபரேஷனுக்கு முன்பே எண்ணி வைக்க வேண்டும். தையல் போட்டு மூடுவதற்கு முன் மறுபடியும் எண்ண வேண்டும். ஒரு துணி குறைந்தாலும், “சார், கணக்கு இடிக்குது” என்று சொல்லி டாக்டரை நிறுத்த வேண்டும். அந்தத் துணிவு பயிற்சியால் வருவது.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவைச் சிகிச்சைக்கான பாதுகாப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. நோயாளியை வெளியே கொண்டுவருவதற்கு முன், எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று செவிலியர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒரு விதி. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் அந்தப் பட்டியலைப் பின்பற்றிப் பார்த்தார்கள். உயிரிழப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததை 2009-இல் வெளியான ஆய்வு காட்டியது.

நம் மாநிலத்தில் செவிலியரைப் பதிவு செய்யும் முறை புதிதல்ல. சென்னை மாகாணத்தில் 1926-லேயே செவிலியர், தாதியர் சட்டம் வந்துவிட்டது. இன்றைக்கும் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்தவரே முறையான செவிலியர். ஆனால் வார்டில் மருந்து கொடுப்பவருக்கும் தியேட்டரில் நிற்பவருக்கும் பதிவு ஒன்றுதான். ஆபரேஷன் தியேட்டர் பணிக்கென்றே ஓராண்டு டிப்ளமோ படிப்பு இருக்கிறது. அதைப் படித்தவர்தான் தியேட்டரில் நிற்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. பலர் மூத்த சிஸ்டர்களைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள். அவர்களுடைய உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் கற்றதை முறைப்படி சோதித்து, சான்று கொடுத்து, அதற்கேற்ற சம்பளமும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

2023-இல் நாடாளுமன்றம் புதிய செவிலியர் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. மாநிலங்களிலும் ஆணையம் அமைக்க அதில் வழி இருக்கிறது. பதிவேட்டில் தியேட்டர் பயிற்சிக்கென்று ஒரு தனிக் குறிப்பைச் சேர்க்க இதுவே தக்க நேரம். அரசு ஆஸ்பத்திரி, தனியார் நர்சிங் ஹோம் இரண்டுக்கும் அந்த விதி பொதுவாக இருக்க வேண்டும்.

நேயர்களே, உங்கள் வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால், “தியேட்டர்ல இருக்கிற சிஸ்டர் கவுன்சிலில் பதிவு செஞ்சவங்களா?” என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அந்தக் கேள்வி முறையாகப் படித்த செவிலியருக்கும் மரியாதை சேர்க்கும்.