கேஸ் கீசர்: லீக் இல்லைன்னா போதுமா?

இன்னைக்கு எபிசோட் சின்னதுதான். ஆனா வாடகை வீட்டு பாத்ரூம்ல கேஸ் கீசர் இருக்கிறவங்க முழுசா கேட்டுடுங்க.

கீசர் மாட்ட வர்றவர் என்ன செய்வார்? பைப்பை இணைப்பார், ஜாயின்ட்ல சோப்புத் தண்ணி தடவுவார், குமிழி வரலைன்னா கிளம்பிடுவார். அந்த டெஸ்ட் கட்டாயம் வேணும். ஆனா அது பாதி வேலைதான்.

முதல்ல அந்தப் பாதி. சிலிண்டர் பாத்ரூமுக்குள்ள இருக்கவே கூடாது. எல்பிஜி காத்தை விடக் கனமானது, கசிஞ்சா தரையோட தேங்கும். அதனால சிலிண்டர் வெளியில, காத்தோட்டமான இடத்துல, நிமிர்ந்து நிக்கணும். சுவரைத் தாண்டி வர்றது உலோகப் பைப்பா இருக்கணும். ரப்பர் ஹோஸை சுவர் ஓட்டைக்குள்ள நுழைச்சா, உள்ள வெடிப்பு விட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. கீசர் பக்கத்துல கை எட்டுற மாதிரி தனி வால்வு ஒண்ணு. எல்பிஜிக்குன்னு செஞ்ச கீசரை, குழாய் வழியா வர்ற இயற்கை எரிவாயுவுல அப்படியே மாட்டக் கூடாது. அழுத்தமும் வேற, ஜெட் துளை அளவும் வேற.

இப்போ மீதிப் பாதி. உள்ள வர்ற கேஸ் எரிய காத்து வேணும், எரிஞ்ச புகை வெளிய போகணும்.

ஒரு சின்னக் கணக்கு. நிமிஷத்துக்கு 6 லிட்டர் தண்ணியை 25 டிகிரி சூடாக்க 10 கிலோவாட்டுக்கு மேல வேணும். கீசர்ல வீணாகிற சூட்டையும் சேர்த்தா சுமார் 12. அடுப்புல ஒரு பர்னர் 2 கிலோவாட் சொச்சம்தான். 5 அடிக்கு 7 அடி, 8 அடி உயர பாத்ரூம்ல இருக்கிற காத்து சுமார் 8 கன மீட்டர். பத்து நிமிஷக் குளியல்ல கீசர் அதுல சுமார் 2 கன மீட்டரைத் தின்னுடும், அதாவது கால்வாசி. நாம கதவையும் ஜன்னலையும் சாத்திட்டுதான் குளிக்கிறோம்.

ஆக்சிஜன் குறையக் குறைய கேஸ் சரியா எரியாது, கார்பன் மோனாக்சைடு வரும். அதுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. கேஸ் லீக்ல மூக்கைத் துளைக்கிற அந்த நாத்தம் எரியாத கேஸ்ல கலந்த மெர்காப்டனோடது. அது எரிஞ்சு போயிடும், அதனால எச்சரிக்காது. லீக்கே இல்லாத பைப்லயும் ஆள் சாகுறது இப்படித்தான். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தா வெந்நீர்னால வந்ததுன்னு நினைச்சுக்குவோம். எழுந்து தாழ்ப்பாளைத் திறக்கத் தெம்பு இருக்காது.

நல்ல தீர்வு, கீசரை பால்கனி மாதிரி திறந்த இடத்துல மாட்டி, வெந்நீரை மட்டும் உள்ள கொண்டு வர்றது. உள்ளதான் இருக்குன்னா, புகைக்குழாய் வெளிக்காத்து வரைக்கும் போகணும், மூட முடியாத காத்து வழி இருக்கணும். அது ரெண்டும் இல்லைன்னா, சரி பண்ற வரைக்கும் வால்வை மூடி வைங்க, அடுப்புல தண்ணி காய்ச்சிக் குளிங்க. ஜன்னலைத் திறந்து பக்கெட்டை ரொப்பிட்டு, கீசரை அணைச்சப்புறம் குளிக்கலாமேன்னு கேட்பீங்க. ஆபத்து குறையும், தீராது.

உள்ள யாராவது மயங்கினா கதவைத் திறங்க, ஆளை வெளிக்காத்துக்கு இழுங்க, கேஸை மூடுங்க, 108-க்கு போன் போடுங்க.

புது வீடு பார்க்கப் போறப்ப தண்ணி வருதா, பார்க்கிங் இருக்கான்னு கேட்கிறோம்ல? கீசர் புகை எங்க போகுதுன்னும் கேளுங்க. ஹவுஸ் ஓனர் விரல் நீட்டிக் காட்டணும்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.