மெழுகுவர்த்தித் தொழிலில் திரியின் அடிப்பிடிப்பு

(கைத்தொழில் பயிற்சி முகாம் ஒன்றில் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நிகழ்த்திய பேச்சு)



விதை, உரம், பாசனம் ஆகியவற்றைப் பற்றிக் கேட்டுப் பழகிய இச்சபையில் இன்று மெழுகுவர்த்தியைப் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். அதிலும் மெழுகுவர்த்தி முழுவதையும் பற்றியன்று. கண்ணாடிக் குவளையின் அடியில் திரியை எவ்வாறு நிலைபெறச் செய்வது என்னும் ஒரே விஷயத்தைப் பற்றி. இவ்வளவு சிறிய காரியத்திற்கு ஒரு பேச்சு வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். அறுவடை முடிந்து அடுத்த நடவு தொடங்கும் வரை வயலில் வேலை குறைந்திருக்கும் மாதங்களில், வீட்டுப் பெண்கள் செய்யும் உபதொழிலின் வருமானம் பல குடும்பங்களைக் கடனில் விழாமல் காக்கின்றது. 1989-ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் இன்று தமிழ்நாடெங்கும் பரவியுள்ளது. அக்குழுக்கள் மேற்கொள்ளும் தொழில்களுள் மெழுகுவர்த்தித் தொழிலும் ஒன்று. அத்தொழில் நிலைப்பதும் நலிவதும் பல சமயங்களில் இந்தச் சிறு காரியத்தைப் பொறுத்தே அமைகின்றன.

குச்சி வர்த்தியும் குவளை வர்த்தியும்

முன்னர் நம் கிராமங்களில் அச்சில் வார்த்த குச்சி வர்த்திகளே செய்யப்பட்டன. இப்பொழுது கண்ணாடிக் குவளையில் மெழுகை வார்த்து, குவளையோடு விற்கும் வர்த்திகளை நகரத்து மக்கள் விரும்பி வாங்குகின்றனர். விலையும் கூடுதலாகக் கிடைக்கின்றது. ஆனால் இவ்விரண்டுக்கும் இடையே முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. குச்சி வர்த்தியில் சுடருக்குக் கீழே உள்ள மெழுகு கெட்டியாக நின்று திரியைப் பிடித்துக்கொள்கின்றது. குவளை வர்த்தியிலோ மெழுகு குவளையின் அகலம் முழுவதும் உருகிக் குளம்போல் நிற்கின்றது. எரிந்து எரிந்து அக்குளம் அடியை நெருங்கும்போது திரியைத் தாங்கக் கெட்டி மெழுகு இராது. அப்போது அதற்குத் துணை அதன் அடிப்பிடிப்பு ஒன்றே.

அகல் விளக்கில் திரி விளிம்பின்மேல் சாய்ந்து கிடக்கின்றது. அதற்குப் பிடிமானம் தேவையில்லை. குவளையிலோ திரி நீர்மத்தின் நடுவில் நிமிர்ந்து நிற்க வேண்டும். சேற்றில் சரியாக ஊன்றாத நாற்று, மறுநாள் தண்ணீர் பாய்ச்சியதும் பெயர்ந்து மிதப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். ஊன்றாத திரிக்கும் அதே கதிதான்.

திரி பெயர்ந்தால் விளைவது என்ன?

முதலாவதாக, சூடான மெழுகை வார்க்கும்போதே திரி நகர்ந்து ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். ஒதுங்கிய திரியின் சுடர் குவளையின் ஒரு புறத்தை மட்டும் மிகுதியாகக் காய்ச்சும். மறுபுறம் குளிர்ந்தே இருக்கும். சமமாகச் சூடேறாத கண்ணாடி திடீரென விரிசல் காணும். விரிசல் வழியே உருகிய மெழுகு மேசைமீதும் துணிமீதும் பரவி, தீயும் அதனைத் தொடரக்கூடும். மறுபுறத்து மெழுகு உருகாமல் வீணாவது தனி நஷ்டம்.

இரண்டாவதாக, வர்த்தி எரிந்து முடியும் தறுவாயில் பிடிப்பு விட்டுவிட்டால், குவளையைச் சற்று அசைத்தாலும் திரி சாய்ந்து கண்ணாடிச் சுவரைத் தொடும். ஆபத்து மிகுந்த கட்டம் இதுவே. வாங்கியவர் அந்நேரம் உறங்கிக்கொண்டிருக்கலாம். அருகில் குழந்தை இருக்கலாம். நாம் அனுப்பும் ஒவ்வொரு குவளையும் முன்பின் அறியாத ஒரு குடும்பத்தின் வீட்டிற்குள் நெருப்பாகச் செல்கின்றது என்பதை மறத்தலாகாது. குவளை உடைந்தது என்னும் செய்தி ஒரு கடையில் எழுந்தால், அக்குழுவின் சரக்கு முழுவதும் திரும்பி வரும். கடனாக வாங்கிய முதலும் அதனோடு போகும்.

தேவையான பொருள்கள்

முதலில் குவளை. அடி தட்டையாகவும், சுவர் தடித்தும், கீறலின்றியும் இருத்தல் வேண்டும். சில பாட்டில்களின் அடி உட்புறம் குமிழ்போல் மேடாக இருக்கும். அத்தகைய மேட்டில் தகடு ஆடும். அவற்றைத் தவிர்ப்பதே நலம்.

அடுத்தது திரி. பின்னிய பருத்தித் திரியே தகுந்தது. முன்னாளில் முறுக்கிய திரிகளே வழக்கில் இருந்தன. அவற்றின் கருகிய நுனியை அடிக்கடி கத்தரிக்க வேண்டியிருந்தது. 1825-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டைச் சேர்ந்த கம்பசெரே என்பவர் பின்னிய திரியைப் புகுத்தினார். அது எரியும்போது நுனி வளைந்து சுடரின் வெளிப்புறத்தை அடைந்து தானே எரிந்துவிடும். உருகிய மெழுகு திரியின் நுண்ணிய இழைகள் வழியே மேலேறி, ஆவியாகி எரிவதை மைக்கேல் பாரடே என்னும் விஞ்ஞானி 1860-61-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் லண்டன் நகரில் சிறுவர்களுக்கு நிகழ்த்திய சொற்பொழிவுகளில் விளக்கியுள்ளார். ஆகவே திரியின் வேலை நாம் அகல் விளக்கில் அறிந்த வேலையே.

மூன்றாவது, கடைக்காரர்கள் ‘சஸ்டெய்னர்’ என்று கூறும் வட்டத் தகடு. இதனைத் திரித்தகடு என்போம். இதன் நடுவில் குழல் போன்ற சிறு கழுத்து உண்டு. திரியைக் கழுத்தில் நுழைத்துக் குறட்டினால் அழுத்தினால் அது இறுகிக்கொள்ளும். இக்கழுத்து அழகுக்காக வைத்ததன்று. மெழுகின் மட்டம் கழுத்தின் மேல்முனைக்கு இறங்கியதும், உலோகச் சுவர் உள்ளே இருக்கும் திரிக்கு மெழுகு கிடைக்காமல் தடுக்கின்றது. சுடர் தானே அணைகின்றது. அடியில் சிறிதளவு மெழுகு எஞ்சி, கண்ணாடியைக் கடுஞ்சூட்டிலிருந்து காக்கின்றது. எனவே கழுத்து ஏறத்தாழ கால் அங்குலத்திற்குக் குறையாத தகடுகளையே வாங்குதல் வேண்டும். தகடின்றி வெறுந்திரியை ஒட்டுதல் கூடாது.

எந்தப் பசை தகும்?

உருகிய மெழுகையே ஒரு சொட்டு விட்டு அதன்மேல் தகட்டை வைப்பது பழைய வழக்கம். இதற்குச் செலவில்லை, ஆயினும் உறுதியுமில்லை. மேலே வார்க்கும் சூடான மெழுகு, அடியில் இருக்கும் அச்சொட்டையும் உருக்கிவிடும். விற்பனைக்குரிய சரக்கிற்கு இம்முறை ஏற்றதன்று.

காகிதம் ஒட்டும் வெள்ளைப் பசையும் கோந்தும் நீரில் கரைந்தவை. அவை வழவழப்பான கண்ணாடிக்கும் உலோகத்திற்கும் இடையே உலர்ந்து பிடிப்பது அரிது. அவற்றையும் விலக்குக.

‘க்ளூ கன்’ எனப்படும் கருவியால் உருக்கி இடும் பசைக்குச்சி எளிதில் கிடைப்பது. சில நிமிடங்களில் இறுகுவது. ஆனால் அவற்றுள் குறைந்த சூட்டில் இளகும் வகையும், மிகுந்த சூட்டில் இளகும் வகையும் உண்டு. இரண்டாவது வகையையே கேட்டு வாங்குதல் வேண்டும். வெப்பம் தாங்கும் இருபுறப் பசை வில்லைகளும் இத்தொழிலுக்கென்றே விற்கப்படுகின்றன. தூசியற்ற கண்ணாடியில் இவை நன்கு பிடிக்கும்.

எல்லாவற்றிலும் உறுதியானது சிலிக்கோன் பசை. கண்ணாடி மீன்தொட்டிகளை ஒட்டுவதற்குப் பயன்படும் வகை இதுவே. இறுகிய பின் மெழுகின் சூடு இதனை அசைக்காது. இது இறுக ஒரு நாள் முழுவதும் வேண்டும் என்பதே இதன் குறை. இவற்றுள் பலவற்றில் காடி மணம் எழும். அம்மணம் அடங்கும் முன் மெழுகு வார்த்தலாகாது.

செய்யும் முறை

1. குவளையைச் சோப்பிட்டுக் கழுவி, ஈரம் அறவே நீங்க உலர்த்துக. எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் பசைக்குப் பகை. கழுவிய பின் உட்புற அடியை விரலால் தொடாதீர்கள்.

2. உலர்ந்த குவளையைச் சிறிது நேரம் வெயிலில் வைத்தெடுங்கள். இளஞ்சூடான கண்ணாடியில் உருக்குப் பசை நன்கு பற்றும்.

3. அடியின் அளவுக்கு ஒரு காகித வட்டம் வெட்டி, அதனை நான்காக மடித்து விரித்தால் மடிப்புகள் கூடுமிடம் நடுப்புள்ளியாகும். அங்கு மையிட்டு, அதன்மேல் குவளையைப் பொருத்தி வைத்தால் புள்ளி கண்ணாடி வழியே தெரியும்.

4. தகட்டின் அடியில் மெல்லிய படலமாகப் பசையிட்டு, திரியை ஒரு குழலினுள் செருகி, குழலால் தகட்டை நடுப்புள்ளியில் வைத்து அழுத்துங்கள். குழல் கடையில் வாங்க வேண்டியதில்லை. உலர்ந்த பப்பாளி இலைக்காம்பு போதும். பத்து எண்ணும் வரை அசையாமல் பிடியுங்கள். தகட்டின் விளிம்பு எங்கும் தூக்கி நிற்கலாகாது.

5. உருக்குப் பசையாயின் அரைமணி நேரமும், சிலிக்கோன் பசையாயின் ஒரு நாளும் விட்டுவைத்து, பின்னர் திரியை மெல்ல இழுத்துப் பாருங்கள். அசைந்தால் தகட்டைப் பெயர்த்தெடுத்து, கண்ணாடியைத் துடைத்து, மறுபடியும் ஒட்டுங்கள்.

6. தென்னை ஈர்க்கின் நடுவைப் பிளந்து, அப்பிளவில் திரியின் மேல்முனையைக் கவ்வவிட்டு, ஈர்க்கைக் குவளையின் வாய்மீது குறுக்கே கிடத்துங்கள். அடியில் தகடும் மேலே ஈர்க்கும் பிடிக்க, திரி நேராக நிற்கும்.

7. மெழுகை நேரடித் தீயில் உருக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்தினுள் வைத்த பாத்திரத்தில் உருக்குக. வெப்பமானி கொண்டு அளந்து வார்த்தல் அவசியம். 55 டிகிரி சென்டிகிரேடு அளவில் உருகும் பாரபின் மெழுகை 65 முதல் 70 டிகிரியில் வார்க்கலாம். அதற்கு மேற்பட்ட சூடு பசையைச் சோதிக்கும். தகட்டின்மேல் நேரே கொட்டாமல், மெதுவாகச் சுவரோரம் வார்த்திடுக.

8. பாரபின் குளிரும்போது சுருங்கும். திரியைச் சுற்றிப் பள்ளம் விழும். அதனை இரண்டாம் முறை வார்த்து நிரப்புக. முற்றும் குளிர்ந்தபின் திரியைக் கால் அங்குலம் விட்டுக் கத்தரிக்கவும்.

தேன்மெழுகு

தேனீ வளர்க்கும் விவசாயிகளுக்கு ஒரு சொல். கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பகுதியைப் போல் தேனீ வளர்ப்பு ஓங்கிய இடங்களில் அடை மெழுகை வீணாக்காமல் வர்த்தி வார்க்கலாம். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகுவது. ஆதலால் பாரபினைவிடக் கூடுதலான சூட்டில் வார்க்க வேண்டியுள்ளது. இதற்குச் சிலிக்கோன் பசையே தக்கது.

சோதனையும் எச்சரிக்கையும்

புதிய பசையோ புதிய குவளையோ வாங்கினால், மெழுகை வீணாக்காமல் சோதிக்க வழியுண்டு. தகடு ஒட்டி இறுகிய ஒரு குவளையை இளஞ்சூடாக்கி, அதில் 75 டிகிரிச் சூடுள்ள நீரை ஊற்றிக் கால்மணி நேரம் கழித்துத் திரியை அசைத்துப் பாருங்கள். பிடிப்பு நின்றால் பசை தேறியது. நனைந்த திரி சடசடத்து எரியுமாதலால், அக்குவளையைச் சோதனைக்கு மட்டுமே வைத்துக்கொள்க. மேலும், வார்க்கும் ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு வர்த்தியை, ஒருவர் அருகிலிருக்க, கடைசி வரை எரித்துப் பார்ப்பது இன்றியமையாதது. ஒரு வர்த்தியின் செலவு, திரும்பி வரும் நூறு வர்த்திகளின் நஷ்டத்திற்கு முன் பெரிதன்று. தேதி, பசை, வார்த்த சூடு, சோதனையின் முடிவு ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவருக.

வாங்குவோருக்கும் குவளையின்மேல் அச்சிட்டுச் சொல்லுங்கள்: ஒரே தொடராக 4 மணி நேரத்திற்கு மேல் எரிக்க வேண்டாம், அடியில் அரை அங்குல மெழுகு எஞ்சும்போது நிறுத்திவிடவும், ஆளில்லாத அறையில் எரிய விட வேண்டாம்.

உருக்கும் பாத்திரத்தில் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றுதல் பெரும் தவறு. தண்ணீர் மெழுகினடியில் ஆவியாகி, எரியும் மெழுகை நாற்புறமும் வாரியிறைக்கும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை மூடியால் மூடுவதே முறை. மூடியும் மணல் வாளியும் எப்பொழுதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

பஞ்சாயத்து உறுப்பினர்களை நாங்கள் வேண்டுவது நான்கு காரியங்கள். கூரை வீட்டின் அடுக்களையில் மெழுகு உருக்கும் குழுக்களுக்கு, ஓடு வேய்ந்த அல்லது தளம் போட்ட சமுதாயக் கூடத்தில் வாரத்தில் சில நாள்கள் இடம் ஒதுக்கித் தாருங்கள். வெப்பமானி, குறடு, மணல் வாளி ஆகியவை குழுவிற்கு ஒரு தொகுதியேனும் கிடைக்க ஆவன செய்யுங்கள். தகடும் திரியும் பசையும் பல குழுக்கள் சேர்ந்து மொத்தமாக வாங்கும் ஏற்பாட்டிற்கு முன்னின்று உதவுங்கள். ஆண்டுதோறும் ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை நடைபெறும் வேளாங்கண்ணித் திருவிழா, கிறிஸ்துமஸ் போன்ற காலங்களுக்கு இரண்டு மாதம் முன்னதாகவே சரக்கு தயாராவதற்கு வழிகாட்டுங்கள். அவசரத்தில் ஒட்டிய திரியே பெரும்பாலும் பெயர்கின்றது.

விவசாயிகளுக்கு நாம் புதிதாகக் கூறவேண்டியது ஒன்றுமில்லை. கண்ணுக்குத் தெரியாத வேர் உறுதியாக இருந்தால்தான் கதிர் நிற்கும் என்பதை நம்மைவிட நன்கறிந்தவர்கள் நீங்கள். அந்த அறிவை உங்கள் வீட்டுப் பெண்களின் கைத்தொழிலுக்கும் துணையாக்குங்கள். ஒட்டிய பிடிப்பு இறுகும் வரை பொறுத்திருக்க அவர்களுக்கு நேரமும் இடமும் கொடுங்கள். நம் கிராமத்தின் பெயர் பொறித்த வர்த்தி எந்த வீட்டில் எரிந்தாலும் அங்கு ஒளி மட்டுமே தரட்டும், தீங்கு தராதிருக்கட்டும்.