காசில்லாமல் வாசிக்க ஐந்து கதைகள்
(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நாங்கள் படித்த காலத்தில் நூலகப் பாடவேளைக்கு வாரத்தில் ஒருநாள்தான். ஒருத்தி எடுத்த கதைப்புத்தகம் வகுப்பு முழுவதும் சுற்றி, மட்டை கழன்றுதான் திரும்பி வரும். பிறகு இடம்பெயர்வுகள் வந்தன. உடுப்பையும் உறுதியையும் சான்றிதழ்களையும் தூக்கிய கைகளால் புத்தகங்களைத் தூக்க முடியவில்லை. இன்று எங்களிற் பலர் வெளிநாடுகளில் இருக்கிறோம். பேரப்பிள்ளைகளுக்கு வாசித்துக்காட்ட ஒரு தமிழ்க் கதை இல்லையே என்று கவலைப்படுகிறோம். கதை இருக்கிறது. அதற்குக் காசும் தேவையில்லை.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளமும் தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்தவை. கைத்தொலைபேசி இருந்தாற் போதும். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு ஐந்து கதைகளைச் சொல்கிறோம்.

முதலாவது, இலங்கையர்கோனின் 'வெள்ளிப் பாதசரம்'. வல்லிபுரக் கோயில் திருவிழாவுக்குப் போன இளந்தம்பதியர். மணலில் தொலைந்துபோன ஒரு பாதசரம். அதனால் வந்த கோபம். கலியாணமான எவருக்கும் இந்தக் கதை விளங்கும். இரண்டாவது, சி. வைத்திலிங்கத்தின் 'பாற்கஞ்சி'. வயல் விளைந்தால் பாற்கஞ்சி கிடைக்கும் என்று காத்திருக்கும் ஏழைச் சிறுவனின் கதை. சாப்பாட்டைத் தள்ளிவைக்கும் பிள்ளைகளுக்கு, புத்தி சொல்வதை விட்டு இதை வாசித்துக் காட்டுங்கள்.

மூன்றாவது, என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து'. நாங்கள் காலையில் குடிக்கும் தேநீருக்குப் பின்னால் நிற்கும் பெண்ணை இதில் காணலாம். நான்காவது, புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேரும் தமிழ்நாட்டுக் கூலிகளின் துயரம் அது. சற்று நீளமானது, இரண்டு இரவுகள் வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் மலையகத்தைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் எவ்வளவு குறைவாகப் படித்தோம் என்பது தெரியும்.

ஐந்தாவது, குந்தவையின் 'பெயர்வு'. ஆசிரியையாக இருந்து எழுதியவர் அவர். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருவில் இறங்கியவர்களுக்கு இந்தத் தலைப்பின் பொருளை நாங்கள் சொல்லத் தேவையில்லை. தனியே இருந்து வாசிக்க வேண்டாம். ஒரு சிநேகிதியைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

இலவசம் என்பதால் இவற்றுக்கு விலை கொடுக்கப்படவில்லை என்று எண்ணக்கூடாது. ஒருவர் எழுதினார், ஒருவர் கடன்பட்டு அச்சிட்டார், யாரோ ஒருவர் பெட்டியில் பத்திரப்படுத்தினார், இன்னொருவர் பக்கம் பக்கமாக ஒளிவருடினார். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒரே பிரதியை ஒரே இடத்தில் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதை எங்களைவிட அறிந்தவர் யார்?

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலுமாரியில், பரணில், அம்மாவின் டிரங்குப் பெட்டியில் எங்கள் கல்லூரியின் பழைய சஞ்சிகைகள் இருக்கக்கூடும். பதினாறு வயதில் நாங்கள் எழுதிய கதைகள் அவற்றில் இருக்கின்றன. அன்று எழுதிய சிலர் இன்று எங்களோடு இல்லை. கறையான் அரிக்கும்முன் அவற்றைச் சங்கத்திடம் தாருங்கள். எழுதியவர்களிடமும் குடும்பத்தினரிடமும் இசைவு பெற்று அவற்றையும் இணையத்தில் ஏற்றுவோம். பிரதியை உங்களிடமே திருப்பித் தருவோம்.

அடுத்த நூற்றாண்டில் இங்கே படிக்கப்போகும் ஒரு பிள்ளை, காசில்லாமல் வாசிக்கும் கதைகளில் ஒன்று எங்களில் ஒருத்தி எழுதியதாக இருக்கட்டும். இன்றிரவு 'பாற்கஞ்சி'யில் தொடங்குங்கள். அரை மணித்தியாலம்கூடத் தேவைப்படாது.