கிரைண்டர் கல் ஆடினால்

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவள். கிராமத்தில் வீட்டைப் பார்த்துக்கிட்டு, குழுவோடு சேர்ந்து இட்லி மாவு அரைச்சு விற்கிறேன். அதனால எனக்குத் தெரிந்த கிரைண்டரைப் பற்றியே பேசுறேன்.

2011-ல் அரசாங்கம் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்க ஆரம்பிச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த கிரைண்டர் பல வீட்டில் மோட்டார் நல்லா இருந்தும், "கல்லு கடகடன்னு ஆடுது"ன்னு பரணில் கிடக்கு. சில பேர் எடைக்குப் போட்டுட்டு, புதுசு வாங்கக் குழுவில் கடன் கேட்கிறாங்க. எங்க குழுவிலும் ஒரு அக்கா கேட்டாங்க. தீர்மானம் எழுதறதுக்கு முன்னாடி மெஷினைக் கழற்றிப் பார்த்தோம்.

உருளைக் கல்லின் நடுத்துளையில் நைலான் புஷ் இருக்கும். அதுக்குள்ள போகிற எவர்சில்வர் கம்பிதான் ஷாஃப்ட். புஷ் மெத்துன்னு இருக்கிறது, அது தேயட்டும், கம்பி தேய வேண்டாம் என்பதற்காகத்தான். மாட்டு வண்டிச் சக்கரத்திலும் குடத்துக்குள்ள இரும்பு வளையம் போட்டு, வைக்கோல் கரியை எண்ணெயில் குழைச்ச வண்டி மை தடவுவாங்களே, அதே கணக்குதான்.

அந்த அக்கா வீட்டில் இடைவெளிக்குத் துணிநூல் சுற்றி வச்சிருந்தாங்க. வேற வீட்டில் தகர டப்பாத் துண்டு, எம்-சீல் கூடப் பார்த்திருக்கேன். ரெண்டு நாள் ஆடாது, உண்மைதான். அப்புறம் நூல் ஊறிப் புளிச்சு நாறும், தகரம் தேய்ந்து தூள் மாவில் விழும். அந்த மாவைத்தான் பிள்ளைகளுக்கு ஊத்துறோம், காசுக்கும் விற்கிறோம்.

பிளக்கைப் பிடுங்கிட்டு கல்லைக் கழற்றுங்க. கம்பியைத் துடைச்சு நகத்தால் நீளவாக்கில் வருடிப் பாருங்க. பள்ளம் தட்டினா கம்பியும் தேய்ஞ்சிருக்கு. சந்தேகமா இருந்தா புதுப் புஷ்ஷை முதலில் கம்பியின் ஓரத்தில், கல் உட்காராத இடத்தில் போட்டுப் பாருங்க. அங்கே சரியா நின்னு, நடுவில் ஆடினா கம்பியையும் மாற்றணும். தேய்ந்த கம்பியில் புதுப் புஷ் போட்டா அது சீக்கிரமே தேய்ஞ்சிடும். காசு தண்டம்.

ஓட்டல் மாதிரி பெரிய டில்டிங் கிரைண்டர்னா ஷாஃப்ட் விலை கூடும். அதை லேத்துப் பட்டறையில் கொடுத்தா, தேய்ந்த இடத்தில் வெல்டிங் வச்சுப் பழைய அளவுக்குக் கடைவாங்க. இல்லேன்னா கம்பியைச் சீராக் கடைஞ்சு, அந்த அளவுக்குச் சின்னத் துளையோடு புஷ் செய்வாங்க. இந்தப் பக்கத்துக் குழுக்களுக்கு கிண்டி தொழிற்பேட்டை கிட்டத்தில்தான் இருக்கு. பழைய புஷ்ஷையும் கம்பியையும் கையோடு கொண்டு போங்க, வாயால் அளவு சொல்ல முடியாது.

ரொம்ப இறுக்கமாவும் போடக் கூடாது. நைலான் தண்ணீரில் கொஞ்சம் உப்பும், அப்புறம் கல் சுற்றாது. கையால் தள்ளினா தடையில்லாம சுற்றணும், ஆட்டினா கடகடன்னு சத்தம் வரக் கூடாது. மெஷின் ஆயில், கிரீஸ் வேண்டாம். நான் ஒரு சொட்டு சமையல் எண்ணெய்தான் விடுவேன்.

அந்த அக்காவுக்கு ரெண்டு புஷ் மட்டும்தான் மாற்றினோம். கடன் மனுவை அவங்களே திருப்பி வாங்கிக்கிட்டாங்க, அந்தப் பணம் அந்த மாசம் இன்னொரு உறுப்பினரின் மகள் காலேஜ் ஃபீசுக்குப் போச்சு. புஷ் மாற்றுவதைக் கண்ணால் பார்க்கணும்னா, சாப்பாடு முடிஞ்சதும் பின் வரிசைக்கு வாங்க. ஒரு பழைய கல்லும் ஸ்பேனரும் கொண்டு வந்திருக்கேன்.