பல்லாங்குழியும் மெய்நிகர் உலகமும்



கணினி படைத்துக் காட்டும் உலகினுள் புகுந்து ஆடிக் கற்பதை மெய்நிகர் விளையாட்டு என்பர். இதற்கு வித்திட்டவர் அமெரிக்க அறிஞர் ஐவன் சதர்லாந்து. மண்ணில் காண இயலாதவற்றோடும் கணினித் திரைவழியே பழகி உணரலாம் என்று 1965-இல் எழுதினார். 1968-இல் தலையில் அணியும் காட்சிக் கருவியையும் செய்தளித்தார். உராய்வில்லாத வெளியில் உருட்டிய பந்து நிற்காது என்று படிப்பது வேறு. அவ்வெளியில் நின்று உருட்டிப் பார்ப்பது வேறு. பின்னதில் கை முதலில் அறிகிறது. விளக்கம் பிறகு வருகிறது.

இவ்வகைக் கல்வி நமக்குப் புதிதன்று. விளாங்குடித் திண்ணையொன்றில் பல்லாங்குழி ஆடும் சிறுமியை எண்ணிப் பாருங்கள். குழிகள் 14, குழிக்கு ஐந்தாகப் புளியங்கொட்டை இட்டால் 70. ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாக இட்டு, கை வெறுமையானதும் அடுத்த குழியை அள்ள வேண்டும். அது வெறுங்குழியாயின் அதற்கப்பால் உள்ளது அவளுக்கு. நான்கு சேர்ந்த குழி ‘பசு’. தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணுவாள். பழகியபின், பார்த்த அளவிலேயே ஆட்டம் எங்கு முடியும் என்று கண்டுகொள்வாள். எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

எதிரில் அமர்ந்த பாட்டியோ அவளினும் நுட்பமானவள். முதலில் “அந்தக் குழியை எடுடி” என்பாள். பின்னர்க் கண்ணால் மட்டும் காட்டுவாள். பிறகு அதுவும் இல்லை. பேத்தி தோற்கட்டும் என்று வாளாவிருப்பாள்.

இன்றைய விளையாட்டுகளில் அமையும் தகவமை உதவி, பாட்டியின் இந்த வேலையையே செய்ய முயல்கிறது. பிழையையும் தயங்கும் நேரத்தையும் அளந்து குறிப்பைக் கூட்டும், குறைக்கும். ஜெரோம் புரூனர் உள்ளிட்ட மூவர் 1976-இல் இத்தகைய உதவியைக் கட்டடச் சாரத்தோடு ஒப்பிட்டனர். சாரம் கட்டுவது எளிது. பிரிக்கும் வேளையை அறிவதே அரிது. தயங்கும் பிள்ளை சிந்திக்கிறதா, சலித்துவிட்டதா? நேரத்தை மட்டும் அளக்கும் கருவிக்கு இரண்டும் அதே பத்து நொடிதான். முந்திக்கொண்டு உதவினால் கண்டுபிடிக்கும் இன்பம் பறிபோகும். பிந்தினால் பிள்ளை கருவியைக் கழற்றி வைத்துவிடும். அம்புக்குறியைத் தொடர்ந்து வென்ற பிள்ளை, அது மறைந்ததும் திகைத்து நிற்பதும் உண்டு.

விளாங்குடி 2011-இல் மதுரை மாநகராட்சியோடு இணைந்தது. திண்ணையில்லா வீடுகள் பெருகிய ஊரில் இக்கருவிகளை வேண்டாவென்று ஒதுக்குவது நேர்மையாகாது. ஆயின், வாங்கும் பள்ளி விலையை மட்டும் கேட்டால் போதாது. உதவியை நிறுத்திவிட்டுப் பிள்ளையை ஆடச் சொல்ல வேண்டும். ஆடியபின் நேர்ந்ததைத் தன் சொல்லில் கூறச் செய்ய வேண்டும். “பந்து நிக்க மாட்டேங்குது” என்று பிள்ளை சொல்லுமாயின், அச்சொல்லின் அருகே ‘நிலைமம்’ என்னும் சொல்லைக் கொண்டுவந்து வைப்பது ஆசிரியர் பணி.