வீட்டுக்குள்ளே ஒரு தண்ணீர் லாரி

(முன்னாள் மாணவர் சந்திப்பின் முற்பகல் அமர்வில் விலங்கியல் துறைப் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "வாழ்க்கையில் முன்னேறுவது எப்படின்னு ஒரு இருபது நிமிஷம் பேசுங்க" என்றார். அதைப் பற்றிப் பேச இந்த மேடையிலேயே என்னைவிடத் தகுதியானவர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு உருப்படியாகத் தெரிந்தது மீன் தொட்டி. அதிலும் மீனைப் பற்றி இல்லை, தண்ணீரைப் பற்றி. அந்தத் தண்ணீரை வீட்டுக்குள்ளே ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதைப் பற்றி. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். முன்வரிசையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை பாருங்கள், அவருக்கு இது சிரிக்கும் விஷயம் இல்லை. என் வகுப்புத் தோழர்தான். பெயரைச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். 2016-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிறைய நிரம்பிய பக்கெட்டைத் தொட்டிக்கு மேலே தூக்கி ஊற்றப் போனவர், ஊற்றி முடிக்கவில்லை. ஆறு வாரம் படுக்கை. இன்றைக்கும் இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

முதலில் கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இது ஆறாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும். ஆனால் கடையில் நின்று "அந்த நாலடி தொட்டிய எடுத்துப் போடுங்க" என்று சொல்லும்போது ஒருவருக்கும் ஞாபகம் வருவதில்லை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் 54 லிட்டர். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் சுமார் 243 லிட்டர். நீளத்தை மட்டும்தானே இரட்டிப்பாக்கினோம் என்று நினைப்போம். மற்ற இரண்டு பக்கமும் கூடவே வளர்ந்துவிடும். கண்ணாடி, கல், மணல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் 300 கிலோவைத் தாண்டும். இந்த எடை அரைச் சதுர மீட்டருக்குச் சற்றே கூடுதலான இடத்தில் நிற்கிறது. நம் நாட்டுக் கட்டட விதியில் (ஐ.எஸ். 875, இரண்டாம் பாகம்) வீட்டு அறைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ என்றுதான் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதற்காக உடனே தளம் இடிந்து விழுந்துவிடாது. பாரம் பக்கத்துக்குப் பரவும். ஆனாலும் தொட்டியைச் சுவரோரமாக, கீழே பீம் போகிற பக்கமாக வைப்பதுதான் புத்தி. பழைய வீடு என்றால் ஒரு சிவில் இன்ஜினீயரைக் கேட்டுவிட்டு வையுங்கள்.

நிற்க. தொட்டி ஓரிடத்தில் நிற்பது. நகர்வது தண்ணீர். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட்டுடன் கதை நின்றுவிடும், அது தொட்டியிலேயே சேர்ந்துகொண்டே போகும். அதை வெளியேற்ற, வாரத்துக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீரையாவது எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். நான்கடித் தொட்டியில் கால்வாசி என்றால் 60 லிட்டர். 60 போக வேண்டும், 60 வர வேண்டும். ஆக வாரம் 120 கிலோ, வருஷத்துக்கு ஆறு டன்னுக்கு மேலே, ஹாலுக்கும் குளியலறைக்கும் நடுவே. ஒரு சின்ன தண்ணீர் லாரி வீட்டுக்குள்ளேயே ஓடுகிற மாதிரிதான்.

எவ்வளவு தூக்கலாம்? அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்புக்கான தேசிய நிறுவனம் ஒன்று 1991-இல் ஒரு சூத்திரத்தைத் திருத்தி அமைத்தது. எல்லாம் சாதகமாக இருந்தால், அதாவது சுமை உடம்போடு ஒட்டி, இடுப்பு உயரத்தில், உடம்பைத் திருப்பாமல் தூக்கினால், 23 கிலோ. அதிலே கவனிக்க வேண்டியது தூரம். சுமை உடம்பிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் முழு அளவு. 50 சென்டிமீட்டர் தள்ளிப் போனால் பாதி, அதாவது 11.5 கிலோ. உயரத்தையும் கணக்கில் சேர்த்தால் இன்னும் குறையும். இப்போது நினைத்துப் பாருங்கள்: ஸ்டாண்டு இடிக்கிறதே என்று தள்ளி நின்றுகொண்டு, 20 லிட்டர் பக்கெட்டைக் கையை நீட்டி மார்பு உயரத்துக்குத் தூக்குகிறோம். நம் தோழர் செய்தது அதுதான். அவர் பலவீனமான ஆள் இல்லை. கல்லூரிக் கபடி அணியில் இருந்தவர்.

அடுத்தது தளும்பல். இயற்பியல் துறை நண்பர்கள் கொஞ்சம் காது கொடுக்கவும். 28 சென்டிமீட்டர் வாய் அகலமுள்ள பக்கெட்டில் தண்ணீருக்கென்று இயல்பான ஓர் ஆட்டம் உண்டு. கணக்குப் போட்டால் நொடிக்கு 1.8 தடவை அளவில் வருகிறது. நாம் சாதாரணமாக நடக்கும்போது நொடிக்கு எத்தனை அடி வைக்கிறோம்? அதுவும் கிட்டத்தட்ட இரண்டு! ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுகிற மாதிரி, நம் காலே பக்கெட்டைத் தள்ளித் தள்ளித் தளும்ப வைக்கிறது. காபிக் கோப்பை நடக்கும்போது ஏன் தளும்புகிறது என்று ஆராய்ந்த கிரெச்செட்னிகாஃப், மேயர் என்ற இருவருக்கு 2012-இல் இக் நோபல் பரிசே கொடுத்தார்கள். சிரிக்க வைத்துப் பிறகு யோசிக்க வைக்கும் ஆராய்ச்சிக்கான பரிசு அது. நம் வீட்டு டைல்ஸ் தரையில் தளும்பின தண்ணீரில் அடுத்த நடை வருகிறவர் வழுக்கி விழும்போது அந்த யோசனை தானாக வரும்.

இதற்கு மருந்து நம் பாட்டிகளிடம் இருந்தது. குடத்துக்கு ஏன் குறுகிய கழுத்து? தண்ணீர் கழுத்துவரை வந்துவிட்டால் ஆடுவதற்கு மேற்பரப்பே இல்லை. நிறைகுடம் தளும்பாது என்பது வெறும் பழமொழி இல்லை, பௌதிகம். வாயகன்ற பாத்திரமானால் மேலே ஒரு வேப்பங்கொத்தைப் போட்டு எடுத்து வருவார்கள். அலையின் வேகத்தை அது தின்றுவிடும். லாரி டேங்குக்குள் தடுப்புத் தகடு வைப்பதும் இதே காரணத்துக்குத்தான். குடம் இடுப்பில் ஒட்டி உட்காரும் என்பதால், மேலே சொன்ன தூரக் கணக்கிலும் அது பாஸ். ஆனால் ஒரே பக்கம் சுமப்பதால் முதுகெலும்பு வளைகிறது. ஆகவே ஒரு முழு பக்கெட்டை ஒரு கையில் தூக்குவதைவிட, இரண்டு அரை பக்கெட்டை இரண்டு கையில் எடுப்பது மேல். காவடிக்காரன் கண்டுபிடித்ததும் இதைத்தான்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். குடங்களைச் சுமந்தது யார்? நம் அம்மா, அக்கா, வீட்டு வேலைக்கு வருகிற அம்மா. மூன்றாம் மாடிக்கு 20 லிட்டர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறி வருகிற பையன். 23 கிலோ என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. மீன் வளர்ப்பது என் ஆசை. அதற்கான தண்ணீரை வேலைக்கார அம்மாவைத் தூக்கச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. "நான் தூக்கிட்டு வர்றேன் சார், அதனால என்ன" என்று அவர்கள் சொல்லத்தான் செய்வார்கள். சொல்வார்கள் என்பதற்காக விட்டுவிடக் கூடாது.

சரி, தூக்காமல் எப்படி? வெளியேற்றுவது சுலபம். தொட்டி மூன்றடி உயரத்தில் இருக்கிறது, குளியலறைத் தரை கீழே இருக்கிறது. நடுவில் ஒரு நீளமான டியூப் போதும். டியூப் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் கட்டை விரலால் அடைத்து, ஒன்றைத் தொட்டியில் அமிழ்த்தி, மற்றதைக் கீழே விட்டால் தானே ஓடும். வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். அந்தத் தண்ணீரில் வாழும் கிருமிகளில் மைக்கோபாக்டீரியம் மரினம் என்று ஒன்று உண்டு. கையில் காயம் இருந்தால் அதன் வழியாகப் புகுந்து ஆறாத புண்ணாக்கும். காயத்தோடு தொட்டிக்குள் கை விடவும் வேண்டாம். கை விடுவதற்கு முன் மோட்டார், லைட், ஹீட்டர் எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து உருவிவிட வேண்டும். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது.

உள்ளே கொண்டுவருவதுதான் கஷ்டம். ஏர்கூலரில் இருக்கிற மாதிரி ஒரு சின்ன அமிழ் மோட்டார் வாங்கிக்கொள்ளுங்கள். தரையில் பக்கெட், அதற்குள் மோட்டார், அதிலிருந்து டியூப் தொட்டிக்கு. பெட்டியின் மேல் "மணிக்கு 1000 லிட்டர், உயரம் 1.5 மீட்டர்" என்று அச்சடித்திருப்பான். ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு ஆயிரம் லிட்டர் ஏறும் என்று அர்த்தம் இல்லை. தூக்கவே வேண்டாத இடத்தில் 1000. ஒன்றரை மீட்டரில் பூஜ்யம். உங்கள் தொட்டி ஒரு மீட்டர் மேலே என்றால், இரண்டரை, மூன்று மீட்டர் போட்டிருக்கிற மோட்டாராகப் பார்த்து வாங்குங்கள். பக்கெட்டை நகர்த்த, கேஸ் சிலிண்டருக்கு வைக்கிற சக்கர ஸ்டாண்டு அருமையாக உதவும். நிறைந்த சிலிண்டர் 30 கிலோ வரும். அதைத் தாங்குவது பக்கெட்டைத் தாங்காதா? நிலைப்படி மட்டும் தடை. அங்கே ஒரு சாய்வுப் பலகை. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால், பக்கெட்டிலேயே ஒரு நாள் காற்றுக்கல் போட்டு வையுங்கள், போய்விடும். மொட்டை மாடி டேங்க் தண்ணீரை மத்தியானம் பிடிக்காதீர்கள், மீன் வெந்துவிடும். விடியற்காலையில் பிடியுங்கள்.

வீடு மாற்றும்போது சிலர் பழைய தண்ணீர் முழுவதையும் டிரம் டிரம்மாகக் கட்டிக்கொண்டு போகிறார்கள். "பழகின தண்ணி சார்!" நல்ல பாக்டீரியா பெரும்பாலும் தண்ணீரில் இல்லை; ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் நனைத்தபடி ஒரு டப்பாவில் எடுத்துப் போய், கூடிய சீக்கிரம் ஓட விட்டால் போதும். கொளத்தூர் வியாபாரிகளைப் பாருங்கள். மீனைப் பையில் கட்டும்போது மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சம் ஆக்சிஜன். தொழிலே அதுவானவர்கள் ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட அநாவசியமாகச் சுமப்பதில்லை. தொட்டியை மட்டும் பாதித் தண்ணீரோடு தூக்காதீர்கள். கண்ணாடி உடையாவிட்டாலும் சிலிக்கான் ஒட்டு விட்டுப் போகும்.

2019 கோடை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. எங்கள் குடியிருப்பில் லாரி வந்தால் வீட்டுக்கு ஆறு குடம் என்று முறை. மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. என்னிடம் மூன்றடித் தொட்டி. கீழே வரிசையில் நிற்கும்போது எதிர்வீட்டு அம்மா கேட்டேவிட்டார்: "ஏன் சார், மனுஷாளுக்கே தண்ணி இல்ல, மீனுக்கு ஊத்துறீங்களே, நியாயமா?" கேள்வி நியாயமானதுதான். நான் பதிலுக்கு வாதாடவில்லை, மேலே கூட்டிப் போய்க் காட்டினேன். மீன்களில் பாதியைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று. மிச்சத்துக்கு இரை ஒருநாள் விட்டு ஒருநாள். தொட்டி நிறைய செடி. நைட்ரேட்டில் ஒரு பங்கை அது தின்றுவிடும். வாரம் ஒரே ஒரு குடம் புதுத் தண்ணீர். எடுக்கிற பழைய குடம் சாக்கடைக்குப் போகாது. கழிவறைக்கு, இல்லையென்றால் தொட்டிச் செடிகளுக்கு. எப்படியும் கழிவறைக்கு ஊற்ற வேண்டிய குடம்தான், வழியில் மீன் வீட்டில் ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகிறது. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம், "அந்த மீன் தண்ணிய எங்க கறிவேப்பிலைக்குக் கொஞ்சம் குடுங்க சார்" என்று பக்கெட்டோடு வந்து நின்றார். சமாதானமானாரா என்று கேட்டால், முழுக்க இல்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றும் முழுப் பதில் இல்லை.

நேரமாகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரே ஒரு விஷயம். நம் விலங்கியல் ஆய்வகம் முதல் மாடியில் இருக்கிறது. அங்கே நான்கடித் தொட்டி ஒன்று உண்டு. இரண்டாம் ஆண்டு மாணவிகள் கீழ்க் குழாயிலிருந்து பக்கெட்டில் தண்ணீர் சுமந்து படியேறுவதை நேற்று மாலை பார்த்தேன். எங்கள் வகுப்பின் சார்பில் மாடி உயரத்துக்கு ஏற்றும் திறனுள்ள மோட்டார் ஒன்றும், அதற்கு வேண்டிய ஹோஸும், ஒரு சக்கர ஸ்டாண்டும் வாங்கி வந்திருக்கிறோம். கார் டிக்கியில் இருக்கிறது. தேநீர் இடைவேளையில் பொருத்திவிடலாம் என்று துறைத் தலைவர் அனுமதி கொடுத்திருக்கிறார். ஹோஸைப் பிடித்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டும். பெல்ட் போட்ட நண்பர் வர வேண்டாம், அவர் ஸ்விட்ச் போட்டால் போதும்.